அழித்த கோட்டில் நின்றவர்

மழை விட்டதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். குடை எடுப்பதில்லை. முனையிலிருக்கும் சலவைக்கடையின் படியருகே குந்தி உட்கார்ந்து, கன்னம் முழங்காலில் படுமளவுக்குத் தலையைச் சாய்த்துச் சாலையைப் பார்ப்பார். நின்றுகொண்டு பார்த்தால் அது வெறும் ஈரத் தார். தாழ்ந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் அது வேறு சாலை. எப்போதோ சுரண்டி எடுத்த கோடுகள், கறுப்புப் பூசி மறைத்த அம்புக்குறிகள், இடம் மாறிப்போன பேருந்து நிறுத்தத்தின் கட்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதக்கும்.

"ரோடு எங்கயும் ஓடிடாது. உள்ள வாங்க, சளி புடிச்சுக்கும்" என்று மனைவி மாடி ஜன்னலிலிருந்து குரல் கொடுப்பார்.

"இரும்மா, அந்தப் பழைய அம்பு வருது" என்பார் இவர், ஏதோ ரயில் வருவதைச் சொல்வதுபோல.

சாலையில் கோடு போடுவது அவர் தொழில். நகரத்தின் பராமரிப்புக் கிடங்கில் எல்லோருக்கும் அவர் வெள்ளையண்ணன். சட்டைக் கை விளிம்பிலும் நகக்கண்ணிலும் காதுமடலின் பின்னாலும் எந்நேரமும் வெள்ளைப் பெயின்ட் ஒரு துளியாவது இருக்கும். தன் கல்யாணப் புகைப்படத்தில்கூட மாலைக்குக் கீழே மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிகிறது. "அது வெளிச்சம் பட்டது" என்று அவர் சாதிப்பார். "வெளிச்சம் கையில ஒட்டுமா? நான் தேய்ச்சுப் பார்த்தேனே" என்பார் மனைவி.

நடக்கும்போது அவர் கோட்டை மிதிக்க மாட்டார். தூங்குகிறவர்களைத் தாண்டுவதுபோல் ஒவ்வொன்றையும் தாண்டுவார். போர்வையை மடித்தால் ஓரத்தோடு ஓரம் நூல் பிடித்தாற்போல் இருக்கும். தூக்கத்தில் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு மேலே தூக்கி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். அந்த நேரத்தில் அவரை எழுப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். எழுப்பினால் வளைந்துவிடுமாம்.

எது வளையும் என்று அவரைக் கோடு வண்டியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியலில், கடைகள் திறக்கும் முன், அந்த வண்டி நடை வேகத்தில் போகும். பின்னால் கொதிகலனில் பெயின்ட் உருகிக்கொண்டிருக்கும். முன்னால் நீண்ட கம்பியின் நுனியில் ஒரு சிறு சங்கிலி தொங்கும். தார்மேல் சுண்ணாம்புத் தூளில் முன்பே அடித்துவைத்த மெல்லிய நூல்தடத்தின் மேல் அந்தச் சங்கிலி விலகாமல் போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவர் கண் சங்கிலியில் இருக்கும். மற்றதெல்லாம் எங்கேயோ இருக்கும். பின்னால் கோடு விழ விழ அதன்மேல் கண்ணாடி மணிகள் மாவுபோல் உதிரும். வாகன விளக்குப் பட்டால் மின்னுவதற்கு. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. "கோடுன்னா கண்ணைத் தேடி அது வரணும். கண்ணு அதைத் தேடக் கூடாது" என்பார்.

"மாமா, தூங்குறீங்களா?" என்று பக்கத்தில் நடந்து வருகிறவன் கேட்பான்.

"முழிச்சுக்கிட்டேதான் தூங்குறேன். நீ பேசாம வா."

அப்படிக் கேட்கிறவன் மனைவியின் தம்பி. அவனுக்கும் அதே கிடங்கில்தான் வேலை. பல்சக்கரம் வைத்த இயந்திரத்தால் பழைய கோடுகளைச் சுரண்டி எடுப்பவன். ஆகவே அவன் பெயர் ரப்பர். மாமா போட்டதை மச்சினன் அழிக்கிற குடும்பம் என்று கிடங்கில் சிரிப்பார்கள். கேலியை இருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் அழித்த இடத்தை மழை நாளில் மாமா குந்தி உட்கார்ந்து பார்ப்பது மட்டும் ரப்பருக்குப் பிடிக்காது. "நான் வேலை செஞ்ச இடத்துல என்ன பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்குறது?" என்று அக்காவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

இந்த மனிதர்தான் சென்ற மாதம் நிறுத்தக் கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டார் என்று போக்குவரத்துக் காவலரிடம் அபராதச் சீட்டு வாங்கினார்.

நூலகத்து முனையில் நடந்த சங்கதி அது. அங்கே முன்பு பாதசாரிகள் கடக்க வரிக்கோடுகள் கிடையாது. நூலகத்துக்கு வருகிறவர்களுக்காக அண்மையில் வரிக்கோடுகள் போட்டார்கள். அதற்கு இடம் விட்டு நிறுத்தக் கோட்டைப் பின்னால் தள்ளினார்கள். பழைய கோட்டை ரப்பர் சுரண்டினான். புதிய கோட்டையும் வரிகளையும் வெள்ளையண்ணன் போட்டார். அதாவது அந்த முனையில் எது எங்கே இருக்கிறது என்று இந்த நகரத்தில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. அவர்தான் அங்கே தவறினார்.

மாலை மழை அப்போதுதான் நின்றிருந்தது. தன் சிறிய காரில் தனியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே நூலகத்தின் ஜன்னல்கள் அத்தனையும் மஞ்சளாக எரிந்தன. அந்த மஞ்சள் சாலையில் இறங்கி, வரிகளுக்கு அப்பால், தகரப்பட்டையை நீட்டிப் போட்டதுபோல் பளபளவென்று ஒரு கோட்டைக் காட்டியது. சிவப்பு விழுந்தது. கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. தகரப்பட்டைக்கு ஒரு முழம் முன்னால், அளந்து வைத்தாற்போல் கார் நின்றது. அவருக்கு நிறைவாக இருந்தது. குடை பிடித்த முதியவர் ஒருவர் காரைச் சுற்றிக்கொண்டு போகும்போது முன்மூடியை விரலால் தட்டினார். இவர் புன்னகைத்துத் தலையசைத்தார். நூலகத்து முகப்பில் ஒதுங்கியிருந்த காவலர் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் கார் வரிக்கோடுகளின் மேல் முழுதாக நிற்பது தெரிந்தது.

காவலருக்கும் வியப்பு. "கோடு எங்க இருக்கு, நீங்க எங்க நிக்கிறீங்க?"

"கோட்டுலதான் நிக்கிறேன்."

"எந்தக் கோட்டுல?"

அவர் முன்னால் கை நீட்டிக் காட்டினார். காவலர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து இவர் வாயருகே மூக்கை நீட்டி முகர்ந்தும் பார்த்தார். பிறகு சீட்டு எழுதினார்.

அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் அவர் உரிமத்தில் முன்பே இரண்டு குறிகள் இருந்தன. ஒன்று, பெருஞ்சாலையில் கோடு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தபடி ஊர்ந்துபோய்ப் பின்னால் வண்டிகளைத் தேக்கியதற்கு. இன்னொன்று, பாலத்தின் நடுவில் அதே காரணத்துக்காக வண்டியை நிறுத்தி இறங்கியதற்கு. மூன்றாவது குறி விழுந்தால் உரிமத்தை அரை வருடம் பிடுங்கி வைத்துவிடுவார்கள். உரிமம் இல்லாதவர் கோடு வண்டியில் ஏற முடியாது. கிடங்கு மேலாளர் பதமாகத்தான் சொன்னார்: "அதுவரைக்கும் கொட்டகையில உக்காந்து கண்ணாடி மணி சலிங்க அண்ணே. நிழலான வேலை." நிழல் என்ற சொல்லைக் கேட்டு அவர் வெளியே வெயிலில் போய் வெகுநேரம் நின்றார். ஓய்வு பெற இன்னும் அதிகக் காலம் இல்லை. அரை வருடம் வேறொருவர் கையில் இருந்த வண்டி அதன்பிறகு தன் கைக்குத் திரும்புமா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஆகவே நீதிமன்றத்தில் மறுப்பது என்று முடிவாயிற்று. என்ன சொல்லி மறுப்பது என்பதில்தான் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது.

"மழையில பிரேக் வழுக்கிடுச்சுன்னு சொல்லுங்க" என்றார் மனைவி, தட்டுகளை வைத்தபடி.

"வழுக்கலையே. அழகா நின்னுச்சு."

"அழகா நின்னுச்சாம். அதுக்குத்தான் சீட்டு குடுத்திருக்காங்க, பாராட்டி."

ரப்பர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "மாமா, நான் சொல்றதக் கேளுங்க. புதுக்கோட்டு மேல தண்ணி தேங்கி நின்னுச்சு, கோடு தெரியல. ஒரே வரி. கேஸு முடிஞ்சுது."

"என் கோடு தெரியலன்னு நானே போய்ச் சொல்றதா?"

"அட, ஒரு நாளைக்குத் தெரியாமத்தான் இருக்கட்டுமே! கோடு என்ன கோவிச்சுக்கவா போகுது?"

"நீ அழிச்ச பழைய கோடு தெரிஞ்சுதுன்னு சொல்லட்டுமா? அதுதான் உண்மை."

ரப்பர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். அவன் மேஸ்திரி வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிற நேரம் அது. சுரண்டிய கோடு தெரிகிறது என்று நீதிமன்றப் பதிவில் ஏறினால், நகரம் முழுக்க அவன் அழித்த முனைகளையெல்லாம் ஒருவர் போய்க் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். "அங்க ஒண்ணும் தெரியாது மாமா. சத்தியமாத் தெரியாது. நான் பத்து தடவ அந்த வழியாப் போயிருக்கேன்."

"காஞ்ச ரோட்டுல போயிருப்ப."

"ஈரத்துலயும் போயிருக்கேன்!"

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருபுறம் கட்டினவர், மறுபுறம் கூடப்பிறந்தவன். "ரெண்டு பேரும் சேர்ந்து ரோட்டையே குத்தம் சொல்லிடுங்க. அது ஒண்ணுதான் இந்த வீட்டுக்குச் சொந்தமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நீதிமன்றக் கூடம் நீளமாக, பள்ளிக்கூட அறை மாதிரி இருந்தது. உயரத்தில் தூசி படிந்த ஜன்னல்கள். வெளியே மேகம் போட்டிருந்ததால் உள்ளே பகல் வெளிச்சம் பால் கலந்த நீர்போல் மங்கிக் கிடந்தது. காத்திருந்தவர்கள் ஈரக் குடைகளைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குடைகளிலிருந்து தண்ணீர் வழிந்து, தரையில் மெல்லிய கிளைகளாகப் பிரிந்து, நீதிபதியின் மேசையை நோக்கிப் போயிற்று. வெள்ளையண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தரை எந்தப் பக்கம் சாய்வு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. யாரோ பூக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் அடுத்த வீட்டு வானொலி போல வந்து போயிற்று. பின்வரிசையில் மனைவியும் ரப்பரும் இருந்தார்கள். ரப்பர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். துணைக்கா, காவலுக்கா என்று அக்கா கேட்டதற்குக் குடையை மடக்கிக் காலிடுக்கில் வைத்தான்.

அழைத்ததும் எழுந்து போனார். நீதிபதியின் மேசைக்கு முன்னால் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. அதற்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று பலகை சொன்னது. அவர் காலணி நுனிகளை நாடாவுக்கு ஒட்டினாற்போல் வைத்து நின்றார். நாடா கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. அதனால் அவரும் சற்றுக் கோணலாக, நீதிபதியை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிற்கும்படி ஆயிற்று.

"இப்படி மைக் பக்கம் வாங்க" என்றார் எழுத்தர்.

"கோட்டுக்குப் பின்னால நிக்கணும்னு போட்டிருக்கே."

"அது சும்மா போட்டது. வாங்க."

சும்மா போட்டது என்ற சொல் அவரைத் தைத்தது. நாடாவின் ஒரு முனை பெயர்ந்து சுருண்டிருந்தது. கடக்கும்போது அதைக் காலணியால் அழுத்தி ஒட்டிவிட்டு, பெரிய எட்டாக வைத்துத் தாண்டி வந்தார்.

நீதிபதி நடுவயதுப் பெண்மணி. அன்று காலையிலிருந்து பொய்களையே கேட்டுக் களைத்த முகம். காவலர் தன் பங்கைச் சொல்லி முடித்ததும் இவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க நிறுத்தின இடத்துல கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. இப்ப இல்ல."

"நான் அன்னைக்கு இருந்துச்சான்னு கேக்குறேன்."

"அன்னைக்கும் இல்லம்மா. ஆனா தெரிஞ்சுது."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இல்லாத கோடு எப்படிங்க தெரியும்?"

"ஈரத்துல தெரியும். எதிர்ல வெளிச்சம் இருந்தா நல்லாத் தெரியும். பழசு எல்லாமே தெரியும்மா. நம்ம ரோடு பூரா அடியில அப்படித்தான் இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு." அவர் கைகளால் காற்றில் ஏதோ விரித்துக் காட்டினார், போர்வையை உதறிப் போடுவதுபோல. காவலர் உட்பட எல்லோரும் ஒரு நொடி தங்கள் காலடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப பழைய கோட்டைச் சரியா அழிக்கலன்னு சொல்றீங்களா?"

பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. யாருடைய பெஞ்சு என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. அழிச்ச ஆளு ஒழுங்காத்தான் அழிச்சாரு. அழியாத மாதிரி போட்டவன் நான்தான்."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை முதன்முறையாக நன்றாகப் பார்த்தார். காகிதத்தைப் புரட்டினார். மறுபடி பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. "சரி. புதுக்கோட்டைக் கேக்குறேன். மழை பெஞ்சிருக்கு. தண்ணி நின்னுருக்கும். அது உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கலாம். இருந்திருக்கலாமா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிச்சு என்ற சொல்லை அவர் இழுத்த விதத்தில் எழுத்தர்கூடப் பேனாவை நிறுத்தினார். தப்பித்துப் போக நீதிபதியே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நுழைந்து போக வேண்டியதுதான். "ஆமாங்க" என்றால் போதும், வண்டி அவருடையது. பின்னால் மனைவி தொண்டையைச் செருமினார். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்தச் செருமலுக்கு ஒரே பொருள்தான்.

அவர் யோசித்தார். சொன்னதால் யோசித்தார். அந்த மாலை திரும்ப வந்தது: மஞ்சள் ஜன்னல்கள், துடைப்பான் இடமும் வலமும் போய்வரும் சத்தம், கார் மெல்ல உருண்டு வருவது. புதிய கோடு வந்தது. ஈரத்துக்கு அடியில் கண்ணாடி மணிகள் ஒவ்வொன்றும் ஒரு பொட்டு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, கரையிலிருந்து கரைவரை, நெளியாமல் கிடந்தது. அதைப் பார்த்தார். நல்ல கோடு என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே அதைத் தாண்டி, அதைவிடப் பழகின ஒன்றை நோக்கிப் போனார்.

"நல்லாத் தெரிஞ்சுதும்மா" என்றார். "அது தெரியாமப் போக வாய்ப்பே இல்ல."

நீதிபதி எழுத ஆரம்பித்தார். மனைவி கைப்பையின் கொக்கியைச் சத்தமாக மூடினார். அரை வருடத்தைக் கால் வருடமாகக் குறைத்திருப்பதாகவும், அது பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதற்காக என்றும் நீதிபதி வாசித்தது அவர் காதில் பாதிதான் விழுந்தது. எழுத்தர் கை நீட்டினார். உரிமத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எழுத்தர் அதை உறையிலிட்டு ஒட்டும்போது உறையின் மடிப்பு ஓரத்தோடு சேராததைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே மழை வலுத்திருந்தது. கார்ச் சாவியை ரப்பரிடம் கொடுத்தார். மனைவி பின்னிருக்கையில் குடையோடு ஏறிக்கொண்டார். தன் சொந்தக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அவர் உட்காருவது இதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார். கடைத்தெரு விளக்குகள் பகலிலேயே எரிந்தன. எல்லாம் நீருக்கு அடியில் இருப்பதுபோல் அசைந்து அசைந்து பின்னால் போயின.

"ஆமாங்கன்னு ஒரு வார்த்தை" என்றார் மனைவி பின்னாலிருந்து. கொஞ்ச தூரம் கழித்து, "மணி சலிக்கிறப்பவாவது கண்ணுக்கு அந்த மூக்குக்கண்ணாடியப் போட்டுக்கோங்க. கண்ணுல விழுந்துடப் போகுது."

"சரிம்மா."

ரப்பர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினான். கடைசியில், "கோர்ட்டுல அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் மாமா" என்றான்.

"எப்படி?"

"ஒழுங்காத்தான் அழிச்சாருன்னு."

"ஒழுங்காத்தானே அழிச்ச."

மழை நின்றது. அதன் சத்தம் நிற்பது அவருக்கு முதலில் கேட்டது. சற்றுப் பிறகுதான் ரப்பர் துடைப்பானை அணைத்தான். வளைவு திரும்பியதும் எதிரே நூலகம் வந்தது. மேகத்தின் இருட்டுக்கு அதன் ஜன்னல்கள் அத்தனையும் மஞ்சளாக எரிந்தன.

சிவப்பு விழுந்தது. கார் வேகம் குறைந்து, பதமாக உருண்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. முன்கண்ணாடிக்கு அப்பால், ஒரு முழத் தூரத்தில், தகரப்பட்டை பளபளத்துக்கொண்டிருந்தது. காருக்கு அடியில் வரிக்கோடுகள் இருந்தன.

ரப்பர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். பிறகு பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்தான். கை மெல்ல இறங்கிப் பின்கியரைப் போட்டது.

வெள்ளையண்ணன் முகத்தைப் பக்கத்து ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். அங்கே மூடியிருந்த ஒரு செருப்புக்கடையின் பெயர்ப்பலகை இருந்தது. கார் பின்னால் நகர்ந்து புதிய கோட்டுக்குப் பின்னே வந்து நிற்கும்வரை, அதை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.